அவருடைய நேரக் குறிப்புகளோடு: மதுரையிலிருந்து புனலூர் வரை

வியாழன் இரவு, மதுரை

என் கணவர் ரயில்வேயில் கார்டாக இருந்தவர். 1976-ல் செங்கோட்டையில் சரக்கு வண்டிக் கார்டாகச் சேர்ந்து, பிறகு மதுரைக்கு மாறுதலாகி, பயணிகள் வண்டிகளிலும் விரைவு வண்டிகளிலும் பணியாற்றி 2012-ல் ஓய்வு பெற்றார். சென்ற ஆண்டு ஐப்பசி மழையில் காலமானார். தலைத்திவசம் முடிந்த கையோடு, அப்பா வாழ்நாளெல்லாம் போய்வந்த இரண்டு பாதைகளிலும் ஒருமுறை போய்வரலாம் என்று மகள் சொன்னாள். மகனும் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்துவிட்டான். நாளை ராமேஸ்வரம், அதன் பிறகு செங்கோட்டை வழியாகப் புனலூர். அன்றன்றைய பயணத்தை அன்றிரவே எழுதிவிடுவதாக இருக்கிறேன்.

கார்டு என்றால் பச்சைக் கொடி காட்டுபவர் என்பதற்கு மேல் பலருக்கும் தெரியாது. வண்டியின் பொறுப்பாளரே அவர்தான். 2022-ல் அந்தப் பதவிக்கு ரயில் மேலாளர் என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள். கடைசிப் பெட்டியில் தனியாக அமர்ந்து, ஒவ்வொரு நிலையத்திலும் வண்டி வந்த நேரத்தையும் புறப்பட்ட நேரத்தையும், தாமதமென்றால் அதற்கான காரணத்தையும் அவர் எழுத வேண்டும். அலுவலகத்துக்குக் கொடுக்கும் ஜர்னல் தனி. ஓடும் வண்டியில் எழுதிக்கொள்ளும் ரஃப் ஜர்னல் தனி. இந்த இரண்டாவது வகைக் குறிப்பேடுகளைத்தான் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய அவர் விட்டுச் சென்றிருக்கிறார். அவற்றில் நேரம், நிலையம், நிமிடம் தவிர வேறெதுவும் கிடையாது. அவர் இறந்து சில வாரங்கள் கழித்து, ஏதாவது ஓரிடத்தில் தன்னைப் பற்றியோ எங்களைப் பற்றியோ எழுதியிருப்பார் என்ற நம்பிக்கையில் நானும் மகளும் பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்தோம். அப்படி எதையும் காணோம்.

அரசரடி ரயில்வே காலனியில் நாங்கள் குடியிருந்த காலத்தில், நள்ளிரவிலும் விடியற்காலையிலும், பணிக்கு அழைக்கும் ஊழியரான கால் பாய் வந்து கதவைத் தட்டுவார். எந்த வண்டி, எத்தனை மணிக்கு என்று அவர் கொண்டுவரும் புத்தகத்தில் இவர் கையெழுத்திட வேண்டும். அடுத்த இரண்டு மணி நேரத்துக்குள் குளித்து, சாப்பிட்டு, பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட வேண்டும். அப்பா எங்கே என்று யாராவது கேட்டால், 'லைனுக்குப் போயிருக்கிறார்' என்பதுதான் குழந்தைகள் பேசக் கற்றுக்கொண்ட முதல் முழு வாக்கியங்களில் ஒன்று. லைன் என்பது எங்கே இருக்கிறது, அங்கே அவர் என்ன செய்கிறார் என்பதை நான் அறிந்த வழி ஒன்றே ஒன்று: அவருடைய வெள்ளைச் சீருடையைத் துவைப்பது. செங்கோட்டைக் காலத்துச் சட்டைகளில் தோள்பட்டையில் மிளகு அளவுக்குப் பொத்தல் பொத்தலாகத் தீப்பட்டிருக்கும். ராமேஸ்வரம் வண்டிக்குப் போகத் தொடங்கிய பிறகு பொத்தல்கள் குறைந்துபோயின. ஆனால், சட்டையின் கைமடிப்புகளில் இரும்புக் கறை ஏறி, நீலம் போட்டாலும் போகாமல் நின்றது. காரணம் கேட்டால், 'வண்டிதானே' என்பார்.

வெள்ளி இரவு, ராமேஸ்வரம்

காலைப் பாசஞ்சரில் கடைசிப் பெட்டிக்கு முந்தைய பெட்டியில் இடம் பிடித்தோம். மகன் 1985-ஆம் ஆண்டுக் குறிப்பேட்டைக் கையோடு கொண்டுவந்திருந்தான். சிலைமான், திருப்புவனம், திருப்பாச்சேத்தி என்று ஒவ்வொரு நிலையமாக வர வர, அவன் அப்பா அந்த இடத்தில் எழுதிய நேரத்தைப் படித்துக்கொண்டே வந்தான். பாதை அன்று மீட்டர் கேஜ், இன்று அகலப்பாதை. இன்ஜின் அன்று நீராவி, இன்று அது இல்லை. ஆகவே நேரங்கள் ஒன்றோடொன்று பொருந்தாது. ஆனால், நிலையங்களின் வரிசை மட்டும் அப்படியே இருக்கிறது.

மானாமதுரையில் வண்டி நின்றபோது மகள் இறங்கி நடைமேடையில் நின்றுகொண்டாள். அவள் பிறந்த நாளின் குறிப்பு இந்த நிலையத்தைப் பற்றியது: 'மானாமதுரை வ. 20.52, பு. 21.30. 38 நி. எதிர் வண்டி.' ஒற்றைப் பாதையில் எதிரே வரும் வண்டி கடந்துபோனால்தான் இந்த வண்டிக்கு வழி கிடைக்கும். அன்று மாலையே எனக்கு வலி எடுத்துவிட்டதென்ற செய்தி ராமேஸ்வரத்தில் அவருக்குக் கிடைத்திருந்தது. கட்டுப்பாட்டு அறைத் தொலைபேசி வழியாக நிலையத்துக்கு நிலையம் சொல்லி அனுப்பியிருந்தார்கள். செய்தி தெரிந்த மனிதர் 38 நிமிடம் இந்த நடைமேடையில் நின்றிருக்கிறார். பிறந்தது பெண் என்று மதுரையில் இறங்கியதும்தான் தெரிந்துகொண்டார். குறிப்பேட்டில் அடுத்த பதிவு ஒரு வாரம் தாண்டித்தான் வருகிறது. பக்கம் காலியாக விடப்படவில்லை, தேதி மட்டும் தாவியிருக்கிறது. விடுப்பு எடுத்தார் என்பதை நான் சொல்லித்தான் மகள் அறிந்தாள். 'ஒரு வரி எழுதியிருக்கலாம்' என்றாள். எழுதுகிற இடம் அது இல்லை என்பதுதான் அவருடைய பதிலாக இருந்திருக்கும்.

பரமக்குடிக்குப் பிறகு நிலம் தட்டையாகி, உச்சிப்புளியைத் தாண்டியதும் காற்றில் உப்பு தெரிந்தது. மண்டபத்திலிருந்து வண்டி கடலுக்குள் இறங்குவதைப் பார்க்க மகன் வாசலுக்குப் போய்விட்டான். நாங்கள் கடந்தது 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாலம். கப்பல் வரும்போது அதன் நடுப்பகுதி, 72.5 மீட்டர் நீளத்துக்கு, அப்படியே செங்குத்தாக மேலே எழும்பும். பக்கத்திலேயே தெரிகிறது 1914 பிப்ரவரி 24-ல் திறக்கப்பட்ட பழைய பாலம். இரண்டு கிலோமீட்டருக்குச் சற்றே அதிகமான அந்த நீளத்தை அவருடைய வண்டிகள் மெல்ல ஊர்ந்துதான் கடந்தன. நடுவில் இருக்கும் தூக்குப்பாலத்தின் இரு இதழ்களையும் ஆட்கள் நின்று கையால் இயக்கித் திறந்து மூடுவார்கள். 2022 டிசம்பரோடு அதில் ரயில் போக்குவரத்து நின்றுபோனது. புதிய பாலம் வரும்வரை ராமேஸ்வரத்துக்கு வண்டியே இல்லாமல் இருந்ததைப் பற்றி அவர் புலம்பிக்கொண்டே இருந்தார். புதியதை அவர் பார்க்கவில்லை.

பாலத்தில் காற்று மணிக்கு 58 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் சிக்னல் தானாகவே சிவப்புக்கு மாறிவிடும். காற்று அடங்கும்வரை வண்டி கரையில் காத்திருக்க வேண்டியதுதான். அவருடைய குறிப்பேடுகளில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் திரும்பத் திரும்ப வரும் பதிவு இதுதான்: 'பாம்பன் 1 ம. 40 நி. காற்று.' 'மண்டபம் 55 நி. காற்று.' ஓரிடத்தில் 'பாம்பன் 4 ம. 5 நி. காற்று' என்று இருந்தது. நான்கு மணி நேரம், கழிவறைக்குத் தண்ணீர் தீர்ந்துபோன வண்டியில், கோயிலுக்கு வந்து திரும்பும் முதியவர்களும் குழந்தைகளுமாக எத்தனை நூறு பேர் இறங்கி வந்து கார்டிடம் சண்டை போட்டிருப்பார்கள் என்பதை எண்ணிப் பார்த்தேன். வீட்டில் அவரை அவசரப்படுத்த யாராலும் முடிந்ததில்லை. திருமணத்துக்கு நேரமாகிறது என்று நான் வாசலில் நின்று கத்தினாலும் நிதானமாகப் பூட்டை இழுத்துப் பார்ப்பார். அதைக் கண்டு எனக்கு எரிச்சல் வராத நாள் இல்லை. அந்தக் குணம் எங்கே பழகியது என்று இன்று பாம்பனில் தெரிந்தது. எரிச்சல் மட்டும் முழுவதுமாகப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன்.

வண்டி பாலத்தைக் கடந்தது சில நிமிடங்களில் முடிந்துவிட்டது. சட்டைக் கைகளின் இரும்புக் கறைக்கும் விடை கிடைத்தது. கார்டு அமரும் கடைசிப் பெட்டியான பிரேக் வேனின் கதவுக்கு வெளியே இருக்கும் கைப்பிடிக் கம்பியை எங்கள் பெட்டியிலிருந்தே பார்க்க முடிந்தது. பாலத்தின் மேல் வண்டி ஊரும்போதெல்லாம் அப்படியொரு துருவேறிய கம்பியைப் பிடித்தபடி, உடம்பை வெளியே சாய்த்து, முன்னால் போகும் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டே வர வேண்டும். கடற்காற்றில் நனைந்த இரும்பு எவ்வளவு கறை விடும் என்பது ராமேஸ்வரத்தில் விடுதிச் சன்னல் கம்பியைத் தொட்ட என் விரல்களிலேயே இப்போதும் இருக்கிறது.

மாலையில் அக்னி தீர்த்தத்தில் மகன் தர்ப்பணம் செய்தான்.

சனி இரவு, மதுரை

காலையில் தனுஷ்கோடிக்குப் போய், பிற்பகல் வண்டியில் மதுரைக்குத் திரும்பினோம். தனுஷ்கோடியைப் பற்றி எழுதுபவர்கள் அதிகம். அரிச்சல்முனை வரை சாலை போட்ட பிறகு கூட்டமும் அதிகம். நான் அங்கே பார்க்க விரும்பியது, மணலில் நிற்கும் ரயில் நிலையத்தின் இடிபாட்டை மட்டுமே. 1964 டிசம்பர் 22 இரவு வீசிய புயலில், பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த 653-ஆம் எண் பயணிகள் வண்டி தனுஷ்கோடியை நெருங்கும் நேரத்தில் கடல் அலையில் அடித்துச் செல்லப்பட்டது. அதில் இருந்த எவரும் பிழைக்கவில்லை. பாம்பன் பாலத்தையும் அந்தப் புயல் சிதைத்துப் போட்டது, ஈ. ஸ்ரீதரன் தலைமையில் அதை 46 நாளில் சீர்செய்தார்கள். இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்த செய்தி.

ராமேஸ்வரம் பாதைக்கு முதன்முதலாகப் பணிக்குப் போன நாளில், மூத்த கார்டு ஒருவர் இவரை இந்த இடத்துக்கு அழைத்துவந்து காட்டினாராம். காற்று விஷயத்தில் மேலதிகாரி சொன்னாலும், டிரைவர் சொன்னாலும், பயணிகள் கல்லெறிந்தாலும் சிக்னல் விழாமல் கொடி அசைக்காதே என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாராம். இதை அவர் என்னிடம் சொன்னது ஓய்வு பெற்ற பிறகு, ஏதோ ஒரு புயல் செய்தியைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தபோது. அந்த 653-லும் கடைசிப் பெட்டியில் ஒரு கார்டு இருந்திருப்பார், அவருக்கும் எங்கேயோ ஒரு ரயில்வே குடியிருப்பில் சீருடையைத் துவைத்துக் காயப்போட்டுவிட்டு ஒருத்தி காத்திருந்திருப்பாள் என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை. இன்று அந்தச் சுவரின் பக்கத்தில் நின்றபோது வேறெதுவும் தோன்றவில்லை.

ஞாயிறு இரவு, புனலூர்

குருவாயூர் போகும் வண்டியில் மதுரையிலிருந்து கிளம்பினோம். விருதுநகர், சிவகாசி, ராஜபாளையம், சங்கரன்கோவில், பாம்புக்கோவில் சந்தை, தென்காசி என்று போகும் இந்தப் பாதையில் எனக்கு எந்த ஊரும் புதிதல்ல. திருமணமாகி முதல் சில ஆண்டுகள் செங்கோட்டையில்தான் குடியிருந்தோம். மகன் பிறந்ததும் அங்கேதான். ஆனால், செங்கோட்டைக்கு மேற்கே, இவர் இரவும் பகலும் போய்வந்த மலைப்பாதையில் நான் ஒருமுறைகூடப் போனதில்லை. கைக்குழந்தையோடு எதற்கு என்று அன்று தள்ளிப் போயிற்று. 2010 செப்டம்பரில் மீட்டர் கேஜ் வண்டி நின்றது. 2018-ல் அகலப்பாதையாகித் திறந்ததும் இருவரும் போய்வருவோம் என்றார். அதற்குள் அவருக்கு முழங்கால் வலி வந்துவிட்டது.

செங்கோட்டையில் வண்டியின் பின்னாலும் ஓர் இன்ஜினைக் கோத்தார்கள். ஏற்றத்தில் முன் இன்ஜின் இழுக்க, பின் இன்ஜின் தள்ள வேண்டும். 1904-ல் பாதை திறந்த காலத்திலிருந்து இந்த மலைக்கு அதுதான் வழக்கம். அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் சட்டைப் பொத்தல்களின் சங்கதி எனக்குப் புரிந்தது. நீராவிக் காலத்தில், கார்டின் பிரேக் வேனுக்கு மிக நெருக்கத்தில், பின்னாலிருந்து தள்ளும் இன்ஜினின் புகைபோக்கி இருந்திருக்கிறது. பகவதிபுரத்திலிருந்து ஆரியங்காவு வரையிலான ஏற்றத்தில் அது மூச்சிரைத்துக் கக்கிய நெருப்புத் துகளெல்லாம் இவர் தோளில்தான் விழுந்திருக்கிறது. சுரங்கப்பாதைக்குள் நுழைந்ததும் பெட்டி இருண்டது. மின் விளக்கு எரியும் பெட்டியில், சன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்த எனக்கே மூச்சடைப்பது போலிருந்தது; முன்னும் பின்னும் நிலக்கரிப் புகையோடு இதே இருட்டில் அவர் மூக்கில் ஈரத் துண்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பையில் இரண்டு துண்டு வைக்கச் சொல்லி அந்தக் காலத்தில் அவர் வற்புறுத்தியதற்கு, வியர்வை துடைக்க என்றே நான் பொருள் கொண்டிருந்தேன்.

எடப்பாளையத்தில் மகள் சட்டென்று குறிப்பேட்டை வாங்கினாள். 1981-ன் ஒரு பக்கத்தில் 'எடப்பாளையம் 25 நி. யானை' என்று இருந்தது. மூன்றே சொற்கள். பிள்ளைகள் சிறுவர்களாக இருந்தபோது, தண்டவாளத்தில் நின்று டிக்கெட் கேட்கும் யானையின் கதையை அவர் நூறு விதமாகச் சொல்வார். யானைக்குச் சில்லறை இல்லை, யானைக்கு ஜன்னலோரம் வேண்டும், யானையை எந்தப் பெட்டியில் ஏற்றுவது என்று அது இரவுக்கு இரவு நீளும். நாங்கள் எல்லோரும் அதை அவருடைய கற்பனை என்றே நினைத்திருந்தோம். அவர் அப்படிச் சொல்லவும் இல்லை, மறுக்கவும் இல்லை.

அடுத்த பக்கத்தில் இருந்தது வேடிக்கையான பதிவு அல்ல. 'எடப்பாளையம் - கழுதுருட்டி. 3 ம. 10 நி. இன்ஜின் கோளாறு. பின் 400, 800.' இந்த எண்கள் என்ன என்று மகன் கேட்டான். எனக்குத் தெரிந்திருந்தது, ஒரு முறை அவர் வீட்டில் தேர்வுக்குப் படித்தபோது விதிப்புத்தகத்தை வைத்துக்கொண்டு அவரிடம் கேள்வி கேட்டவள் நான்தான். நிலையங்களுக்கு நடுவில் வண்டி நின்றுவிட்டால், பின்னால் வேறு வண்டி வந்து மோதிவிடாமல் இருக்க, கார்டு தன் வண்டியிலிருந்து நடந்தே போய் 400 மீட்டரில் ஒரு டெட்டனேட்டரையும், 800 மீட்டரில் பத்துப் பத்து மீட்டர் இடைவெளியில் மூன்றையும் தண்டவாளத்தின் மேல் பொருத்த வேண்டும். இது மீட்டர் கேஜுக்கான அளவு. வேறு வண்டியின் சக்கரம் ஏறினால் அது வெடித்து டிரைவரை எச்சரிக்கும். பதிவின் நேரம் இரவு 11.40. யானை நின்ற அதே இடத்துக்கு அருகில், விளக்கும் சிவப்புக் கொடியுமாக ஓர் இளைஞர் 800 மீட்டர் நடந்திருக்கிறார், பிறகு திரும்பியும் வந்திருக்கிறார். அப்போது அவருக்கு வயது 29. மகன் சன்னல் வழியே தூண்களை எண்ணி, 800 மீட்டர் எவ்வளவு தூரம் என்று பார்த்துக்கொண்டே வந்தான். அந்தத் தூரம் முழுவதும் ஒரு பக்கம் மலைச்சரிவு, மறுபக்கம் பள்ளம்.

கழுதுருட்டிக்கு அருகே பதிமூன்று கண் பாலத்தைக் கடந்தோம். கீழே சாலையில் நின்று படம் எடுப்பவர்கள் வண்டியைப் பார்த்துக் கையசைத்தார்கள். தென்மலைக்குப் பிறகு காடு விலகி ரப்பர்த் தோட்டங்கள் வந்தன. புனலூரில் இறங்கிய பிறகு, வண்டி ஊழியர்கள் தங்கி ஓய்வெடுக்கும் ரன்னிங் ரூம் எங்கே இருந்தது என்று நிலையத்தில் விசாரித்தோம். பழைய கட்டடம் இப்போது இல்லை என்றார் ஓர் ஊழியர். நான் துணியில் முடிந்து கொடுத்த அரிசியையும் பருப்பையும் அங்கிருந்த சமையல்காரரிடம் தந்து சோறாக்கித் தின்ற இடம் அது. பார்க்கக் கிடைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இரவு உணவுக்குப் பிறகு மகன் வேறொரு குறிப்பேட்டை எடுத்தான். இதை மதுரையிலிருந்தே அவன் தன் பெட்டியில் தனியாக வைத்திருந்தது எங்களுக்குத் தெரியாது. 1998-ல் பேச்சுப் போட்டியில் அவன் மாவட்ட அளவில் பரிசு வாங்கிய விழாவுக்கு அப்பா வரவில்லை. வருகிறேன் என்று சொல்லியிருந்தவர் வரவில்லை. பிறகு ஒருநாளும் அதைப் பற்றி இருவரும் பேசிக்கொண்டதில்லை. ஆனால், அவன் அதை மறக்கவும் இல்லை என்பது எனக்குத் தெரியும். மலையில் படித்த பதிவுகளுக்குப் பிறகு, அன்றும் ஏதோ பெரிய தடங்கல் நடந்திருக்கும், அது இந்தப் பக்கத்தில் இருக்கும் என்று நானும் மகளும் எதிர்பார்த்தோம்.

மதுரை - ராமேஸ்வரம் பயணிகள் வண்டி. கிழக்கு மதுரை, ரைட் டைம். மானாமதுரை, ரைட் டைம். பரமக்குடி, ரைட் டைம். ராமநாதபுரம், மண்டபம், பாம்பன் எல்லாம் ரைட் டைம். காற்றும் இல்லை, எதிர் வண்டித் தாமதமும் இல்லை. விடுப்புக் கேட்டிருந்தால் கிடைத்திருக்கும் நாள்; அவர் கேட்கவில்லை. தான் போகாவிட்டால் வண்டி ஓடாது என்றொரு நினைப்பு அவருக்கு எப்போதும் உண்டு, அதை நான் அவர் முகத்துக்கு நேரே பலமுறை சொல்லியும் இருக்கிறேன்.

மகன் அந்தப் பக்கத்தை இரண்டு முறை படித்தான். பிறகு வாய்விட்டுச் சிரித்தான். 'ஒரு நிமிஷம்கூட லேட் இல்லம்மா' என்று அதைப் படம் எடுத்து மனைவிக்கு அனுப்பினான். நாளை மதுரைக்குத் திரும்புகிறோம். அந்தக் குறிப்பேட்டைத் தானே வைத்துக்கொள்வதாக அவன் சொல்லிவிட்டான், 1985 மகளுக்கு, மலைப்பாதைக் குறிப்பேடுகளை நான் யாருக்கும் தருவதாக இல்லை.